அடுக்கு மண்ணுக்குள் அலை எந்த வழியாகப் போகிறது? கையால் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் முழு முறை

மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு மெரினாவில் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்கு அலைவிலகலின் பாதிப் பாடம் காலிலேயே தெரிந்திருக்கும். காமராஜர் சாலைப் பக்கமிருந்து இறங்கினால் முதலில் காய்ந்த மணல். கால் புதையும், சுடும், நடை வேகமெடுக்காது. அதைத் தாண்டினால் ஈர மணல், தரை கெட்டி, ஓடவே செய்யலாம். தண்ணீரோரமாக வடக்கே இருநூறு மீட்டர் தள்ளி நண்பர் நிற்கிறார் என்றால் அவரை நோக்கி யாரும் நேர்கோட்டில் நடப்பதில்லை. காய்ந்த மணலைக் குறுக்கே சட்டென்று கடந்துவிட்டு, ஈர மணலுக்கு வந்தபிறகு சாய்வாக விரைகிறோம். மெதுவான இடத்தில் குறைந்த தூரம், வேகமான இடத்தில் கூடுதல் தூரம். 1662-இல் பியர் ஃபெர்மா ஒளியைப் பற்றிச் சொன்னதும் இதைத்தான்: இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒளி போகும் பாதை, நேரம் மிகக் குறைவாக ஆகும் பாதை.

சரி, காலுக்குத் தெரிந்ததைக் கணக்காக்குவது எப்படி? எத்தனை டிகிரி திரும்ப வேண்டும்? இரண்டு அடுக்குக்குப் பதில் மூன்று, ஐந்து, இருபது அடுக்கு இருந்தால்? அதற்குத்தான் இந்த வழிகாட்டி. நான் நிலத்தடி அதிர்வு ஆய்வு வேலையில் இருப்பவன். இரும்புத் தகட்டைத் தரையில் வைத்து எட்டு கிலோ சுத்தியலால் அடிப்பதும், அந்த அதிர்வு எப்போது எங்கே வந்து சேர்கிறது என்று ஜியோபோன் என்ற அதிர்வுணர் கருவிகளில் பார்ப்பதும்தான் தொழில். அதனால் உதாரணங்கள் மண்ணிலிருந்து வரும். ஒளிக்கும் ஒலிக்கும் கடலலைக்கும் முறை ஒன்றேதான். பன்னிரண்டாம் வகுப்பு முக்கோணவியலும் ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டரும் இருந்தால் போதும். கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா என்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியனில் இருந்தால் வரும் கோணம் எதுவும் உங்கள் கோணமாக இருக்காது.

முதல் படி: நிலத்தை வெட்டிப் படம் போடுங்கள்

கணக்கைத் தொடும் முன் ஒரு குறுக்குவெட்டுப் படம் வேண்டும். திருவான்மியூர் மாதிரி கடலோர மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்களை நான் கணக்குக்கு வசதியாக வைத்திருக்கிறேன், ஆனால் நடப்புக்கு ஒட்டியவைதான்.

மேலே காய்ந்த மணல்: தடிமன் 4 மீட்டர், அலையின் வேகம் விநாடிக்கு 400 மீட்டர்.
அதன் கீழே நீர் ஊறிய மணலும் களியும்: 12 மீட்டர், வேகம் 1600.
அதற்கும் கீழே சிதைந்த பாறை: 6 மீட்டர் வரை எடுத்துக்கொள்வோம், வேகம் 2400.

இங்கே வேகம் என்பது அழுத்த அலையின் வேகம், அதாவது மண்ணை அழுத்தியும் தளர்த்தியும் ஒலி போலவே போகும் அலை. காய்ந்த மணலிலிருந்து ஈர மணலுக்குப் போகும்போது அது நான்கு மடங்கு தாவுவதைப் பாருங்கள். மணல் மாறவில்லை, மணிகளுக்கு நடுவே காற்றிருந்த இடத்தில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவுதான். தண்ணீரிலேயே ஒலி விநாடிக்கு சுமார் 1500 மீட்டர் போகும். அதனால் இந்த எல்லை பெரும்பாலும் நிலத்தடி நீர்மட்டமேதான்.

தரையில் சுத்தியல் அடி. 20 மீட்டர் தள்ளி ஓர் ஆழ்துளை, அதில் 22 மீட்டர் ஆழத்தில், சிதைந்த பாறைக்குள், ஒரு ஜியோபோன். அடித்த இடத்திலிருந்து அதுவரை அலை போன பாதை எது?

படம் போட்டதும் செய்ய வேண்டிய ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஒவ்வோர் அடுக்கையும் நேர் செங்குத்தாகக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று பாருங்கள். 4 ÷ 400 என்றால் 10 மில்லி செகண்ட். 12 ÷ 1600 என்றால் 7.5. 6 ÷ 2400 என்றால் 2.5. மொத்தம் 20 மில்லி செகண்ட். இந்த மூன்று எண்களும் கடைசிவரை கூடவே வரும், ஓரத்தில் எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: மாறாத எண் எது என்று புரிந்துகொள்ளுங்கள்

இதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. இங்கே அவசரப்படாதீர்கள்.

பள்ளியில் கண்ணாடிக் கட்டியும் குண்டூசியும் வைத்துச் செய்த சோதனையிலிருந்து ஸ்நெல் விதி எல்லாருக்கும் நினைவிருக்கும். வில்லெப்ரார்ட் ஸ்நெல் 1621-இல் கண்டது, அவருக்கு ஆறு நூற்றாண்டுக்கு முன்பே, 984-இல், பாக்தாதில் இப்னு சஹ்ல் எழுதி வைத்தது. ஒரு எல்லையில் இரண்டு கோணங்களின் சைன்களுக்கு நடுவே உள்ள விகிதம், இரண்டு வேகங்களின் விகிதம். இதை அப்படியே எல்லை எல்லையாகப் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் அப்படிப் போனால் உங்களுக்கு முதல் கோணம் தெரிந்திருக்க வேண்டும். நமக்குத் தெரியாததே அதுதான்.

பெசன்ட் நகர் கடற்கரையில் சாய்வாக வரும் ஓர் அலையைக் கவனியுங்கள். அது கரை முழுவதையும் ஒரே நேரத்தில் தொடாது. தெற்கு முனை முதலில் உடையும், பிறகு அந்த வெள்ளை நுரை கரையோரமாகவே வடக்கு நோக்கி ஓடும். நுரை ஓடும் வேகம் அலை முன்னேறும் வேகத்தைவிட அதிகம். எவ்வளவு அதிகம் என்றால், அலையின் வேகத்தைச் சாய்வுக் கோணத்தின் சைனால் வகுத்தால் வருவது.

இப்போது கரைக்குப் பதிலாக மணலுக்கும் ஈர மணலுக்கும் நடுவே உள்ள எல்லையை நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து வரும் அலைமுகப்பு எல்லையை ஒரு புள்ளியில் தொடுகிறது, அந்தப் புள்ளி எல்லையோரமாக ஓடுகிறது. கீழே போகும் அலைமுகப்பு அதே புள்ளியிலிருந்துதான் கிளம்ப வேண்டும். இரண்டும் பிய்ந்து தனித்தனியாக ஓட முடியாது. ஆகவே எல்லையோரம் ஓடும் வேகம் மேலேயும் கீழேயும் ஒன்றே. அடுத்த எல்லையும் இதற்கு இணையாக இருந்தால் அங்கேயும் அதே வேகம். இருபது அடுக்கு இருந்தாலும் அதே வேகம்.

அதாவது:

சைன்(கோணம்) ÷ வேகம் = எல்லா அடுக்கிலும் ஒரே எண்

கோணம் செங்குத்துக் கோட்டிலிருந்து அளப்பது. அலை போகும் பாதைக் கோட்டைக் கதிர் என்றும், இந்த எண்ணைக் கதிர் எண் என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் அடுக்கிலும் கோணம் வேறு, ஆனால் கதிருக்கு எண் ஒன்றுதான். எத்தனை அடுக்கு இருந்தாலும் நாம் தேடுவது ஒரே ஒரு தெரியாத எண்ணை. இது மனதில் ஏறிவிட்டால் மீதியெல்லாம் கூட்டல், வகுத்தல்.

கணக்கு வசதிக்காக நான் கதிர் எண்ணை நேரடியாக எழுதுவதில்லை. மிகவும் சின்ன தசமமாக இருக்கும், கை தவறும். அதற்குப் பதில், பாதை கடக்கும் அடுக்குகளிலேயே வேகமான அடுக்கில் உள்ள கோணத்தின் சைனை எடுத்துக்கொள்கிறேன். அதை ச என்று குறிப்போம். அது 0-க்கும் 1-க்கும் நடுவே இருக்கும். நம் உதாரணத்தில் சிதைந்த பாறைதான் வேகமானது, 2400. எனவே:

பாறையில் சைன் = ச
ஈர மணலில் சைன் = ச × 1600 ÷ 2400 = ச × 2/3
காய்ந்த மணலில் சைன் = ச × 400 ÷ 2400 = ச ÷ 6

மூன்றாம் படி: பக்கவாட்டுத் தூரத்தைக் கூட்டுங்கள்

ஓர் அடுக்கைக் கடக்கும்போது கதிர் பக்கவாட்டில் எவ்வளவு நகர்கிறது? தடிமன் × டேன்ஜென்ட். சைன் தெரிந்தால் டேன்ஜென்ட் தெரியும்: சைன் ÷ √(1 − சைனின் வர்க்கம்). மூன்று அடுக்கிலும் இதைப் போட்டுக் கூட்டினால் மொத்தப் பக்கவாட்டுத் தூரம். அது 20 மீட்டராக வர வேண்டும். அப்படி வரவைக்கும் ச எதுவோ, அதுவே விடை.

இந்தச் சமன்பாட்டைத் திருப்பிப் போட்டு ச-வைத் தனியாக எடுக்க முடியுமா என்று கேட்பார்கள். ஒரே அடுக்கு என்றால் முடியும். அதற்கு மேல் போனால் வர்க்கமூலங்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், கையால் பிரிப்பதில் பயனில்லை. ஆனால் நமக்கு ஒரு பெரிய நல்லது இருக்கிறது: ச 0 ஆக இருந்தால் தூரம் 0. ச ஏற ஏறத் தூரமும் ஏறும், எங்கேயும் இறங்காது. ச 1-ஐ நெருங்கினால் தூரம் எல்லையில்லாமல் போகும். ஆகவே 20 மீட்டருக்கு ஒரு ச கண்டிப்பாக உண்டு, ஒன்றே ஒன்றுதான் உண்டு. பயமில்லாமல் தேடலாம்.

நான்காம் படி: பாதி பாதியாக நெருக்குங்கள்

ச = 0.8 என்று வைத்துப் பார்ப்போம். காய்ந்த மணலில் 0.54 மீட்டர், ஈர மணலில் 7.57, பாறையில் 8.00. மொத்தம் 16.10. போதவில்லை.

ச = 0.9. அடுக்குவாரியாக 0.61, 9.00, 12.39. மொத்தம் 22.00. கூடிவிட்டது.

நடுவில், 0.85: மொத்தம் 18.51. குறைவு.

0.85-க்கும் 0.9-க்கும் நடுவில், 0.875: மொத்தம் 20.05. ஐந்து சென்டிமீட்டர்தான் கூடுதல்.

இதற்கு மேல் ஐந்து தடவை நெருக்கினால் 0.8742-இல் வந்து நிற்கும். உண்மையில் களத்தில் ஐந்து சென்டிமீட்டருக்காக யாரும் மெனக்கெட மாட்டார்கள், ஜியோபோன் இருக்கும் இடமே அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. ஆனால் கணக்கைச் சரிபார்க்க நான்கு தசமம் வரை போவது நல்லது.

தொலைவு அதிகமாக இருக்கும்போது இந்த முறையில் ஒரு தொல்லை வரும். 20 மீட்டருக்குப் பதில் 500 மீட்டர் என்று வையுங்கள். அப்போது ச 0.999-க்கும் மேலே போய் ஒட்டிக்கொள்ளும். நான்காவது தசமத்தில் ஓர் இலக்கம் மாறினாலே தூரம் பல மீட்டர் தாவும். ஊகத்தைத் தொடுகோட்டால் திருத்திக்கொண்டே போகும் நியூட்டன் முறையைப் போட்டால் அது 1-ஐத் தாண்டிக் குதித்து, வர்க்கமூலத்துக்குள் கழித்தல் குறி வந்து, கணினி நின்றுவிடும். இதைப் பார்த்துப் பலர் நிரலில் ஏதோ பிழை என்று நினைத்து நாள் கணக்கில் தேடுகிறார்கள். நிரலில் பிழையில்லை, தேடும் எண்ணைத் தேர்ந்தெடுத்ததில்தான் கோளாறு.

மருந்து எளிது. வேகமான அடுக்கின் சைனுக்குப் பதில் அதே கோணத்தின் டேன்ஜென்டைத் தேடுங்கள். அதை ட என்போம். ச = ட ÷ √(1 + ட²). ட-வுக்கு 1 என்ற சுவரில்லை, அது எவ்வளவு வேண்டுமானாலும் வளரலாம். தூரமும் ட-வும் ஏறக்குறைய நேர்கோட்டில் சேர்ந்து வளரும். நம் உதாரணத்திலேயே பாருங்கள்: ட = 1 என்றால் 12.89 மீட்டர், ட = 2 என்றால் 21.52. இரண்டுக்கும் நடுவே நேர்கோடு போட்டு 20-க்கு எது என்று பார்த்தால் 1.824. அதைப் போட்டால் 20.18. 1.824-ஐயும் 2-ஐயும் வைத்து இன்னொரு நேர்கோடு: 1.800. முடிந்தது, ச = 0.8742. பாதி பாதியாக ஏழெட்டுத் தடவை செய்ததை இங்கே இரண்டே திருத்தத்தில் செய்துவிட்டோம். எக்ஸெல்லில் போடுவதானாலும் பைத்தானில் எழுதுவதானாலும் தொடக்கத்திலிருந்தே ட-வை வைத்து எழுதுங்கள் என்பதே என் பரிந்துரை.

ஐந்தாம் படி: பாதையை வரைந்து, நேரத்தைச் சரிபாருங்கள்

ச = 0.8742 கிடைத்ததும் எல்லாம் வரிசையாக விழும். கோணங்கள்: காய்ந்த மணலில் சுமார் 8 டிகிரி, ஈர மணலில் 36, பாறையில் 61. பக்கவாட்டு நகர்வு: 0.59, 8.61, 10.80. கூட்டினால் 20.00. எல்லையோரம் ஓடும் வேகத்தை மூன்று அடுக்கிலும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். 400 ÷ 0.1457, 1600 ÷ 0.5828, 2400 ÷ 0.8742, மூன்றுமே விநாடிக்கு 2745 மீட்டர். இது பொருந்தினால் ஸ்நெல் விதி எல்லா எல்லையிலும் பொருந்திவிட்டது என்று அர்த்தம்.

நேரத்துக்கு, முதல் படியில் எழுதிவைத்த செங்குத்து நேரங்களை அந்தந்தக் கோணத்தின் கொசைனால் வகுத்துக் கூட்டுங்கள். 10.11 + 9.23 + 5.15 = 24.5 மில்லி செகண்ட்.

அடித்த இடத்திலிருந்து ஜியோபோனுக்கு ஸ்கேல் வைத்து நேர்கோடு போட்டிருந்தால்? தூரம் 29.7 மீட்டர், பாதைகளிலேயே குட்டையானது. ஆனால் நேரம் 27.0 மில்லி செகண்ட். இரண்டரை மில்லி செகண்ட் தாமதம். நேர்கோடு காய்ந்த மணலுக்குள் 3.64 மீட்டர் பக்கவாட்டில் அலைகிறது, உண்மையான கதிரோ 0.59 மீட்டரில் அதைவிட்டு வெளியேறிவிடுகிறது. மெரினாவில் வெறுங்காலோடு நாம் செய்ததும் அதையேதான்.

இந்த ஒப்பீட்டை ஒவ்வொரு தடவையும் செய்யுங்கள். உங்கள் பாதையின் நேரம் நேர்கோட்டின் நேரத்தைவிட அதிகமாக வந்தால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது.

ஆறாம் படி: இரண்டு முனையும் தரையிலேயே இருந்தால்

சென்னையில் பெரும்பாலான ஆய்வுகளில் ஆழ்துளை கிடையாது. தரையில் அடிக்கிறோம், தரையிலேயே ஜியோபோன்களை வரிசையாகக் குத்தி வைக்கிறோம். அப்படியானால் கீழே போன அலை எப்படி மேலே வருகிறது?

ச-வை 1 ஆக்கிப் பாருங்கள். வேகமான அடுக்கில் கோணம் 90 டிகிரி. கதிர் அந்த அடுக்குக்குள் இறங்காமல் அதன் மேற்பரப்பை உரசிக்கொண்டே ஓடுகிறது. எல்லையோரம் ஓடும் வேகமும் அந்த அடுக்கின் வேகமும் ஒன்றாகிவிட்ட நிலை இது. மேல் அடுக்கில் இதற்கான கோணம்தான் மாறுநிலைக் கோணம். உரசிக்கொண்டு ஓடும் அலை, ஓடும் வழியெல்லாம் அதே மாறுநிலைக் கோணத்தில் அதிர்வை மேலே அனுப்பிக்கொண்டே போகும். தரையில் தூரத்தில் இருக்கும் ஜியோபோனுக்கு அதுவே முதலில் வந்து சேரும். 1909-இல் குரோவேஷியாவில் ஆண்ட்ரியா மொஹொரோவிச்சிச் ஒரு நிலநடுக்கத்தின் பதிவுகளில் இதைத்தான் கண்டார். தூரத்து நிலையங்களில் வேகமான அலை முந்திக்கொண்டு வந்திருந்தது. அது புவியோட்டுக்கு அடியில் இறங்கி ஓடி வந்த அலை. புவியோட்டின் அடி எல்லை அவர் பெயராலேயே இன்று அழைக்கப்படுகிறது.

கணக்கு சுலபம். இப்படி உரசி ஓடி மேலே வரும் அலையைத் தலை அலை என்பார்கள். அது வந்துசேரும் நேரம் = தூரம் ÷ ஓடும் அடுக்கின் வேகம் + (மேலே உள்ள ஒவ்வோர் அடுக்கின் செங்குத்து நேரம் × அதன் கொசைன்) இவற்றின் கூட்டுத்தொகை இரண்டு மடங்கு. இரண்டு மடங்கு ஏனென்றால் இறங்க ஒரு தடவை, ஏற ஒரு தடவை.

ஈர மணலின் மேல் ஓடும் அலைக்கு: காய்ந்த மணலில் சைன் 0.25, கோணம் 14.5 டிகிரி, கொசைன் 0.968. எனவே 2 × 10 × 0.968 = 19.4 மில்லி செகண்ட், அதோடு தூரம் ÷ 1600.

பாறையின் மேல் ஓடும் அலைக்கு: கொசைன்கள் 0.986, 0.745. எனவே 2 × (10 × 0.986 + 7.5 × 0.745) = 30.9 மில்லி செகண்ட், அதோடு தூரம் ÷ 2400.

தரையோரமாகவே நேராக வரும் அலைக்கு: தூரம் ÷ 400 மட்டும்.

மூன்றையும் ஒரு வரைபடத்தில் போடுங்கள். 8 மீட்டரில் நேர் அலை 20 மில்லி செகண்டில் வந்துவிடும், ஈர மணல் வழி வருவது 24.4-இல்தான். 10.3 மீட்டரில் இரண்டும் சமம், அதற்கப்புறம் ஈர மணல் அலை முந்தும். 55 மீட்டர் தாண்டியபிறகே பாறை அலை எல்லாவற்றையும் முந்தும். 24 ஜியோபோனை 3 மீட்டர் இடைவெளியில் வைத்தால் வரிசை 69 மீட்டர். முதல் ஜியோபோன் பக்கத்தில் அடித்தால் பாறையைச் சொல்வது கடைசி ஐந்து ஜியோபோன்கள் மட்டுமே. ஐந்து புள்ளியை வைத்து ஆழம் சொல்வது எனக்கு ஒருபோதும் மனசுக்கு ஒப்பாது. வரிசைக்கு வெளியே 15, 20 மீட்டர் தள்ளி நின்று இன்னும் ஓர் அடி அடித்துவிடுங்கள்.

களத்தில் கணக்கு தலைகீழாக நடக்கும். வரைபடத்தின் சாய்வுகளிலிருந்து வேகங்கள், கோட்டைத் தூரம் பூஜ்யத்துக்கு நீட்டினால் கிடைக்கும் நேரத்திலிருந்து தடிமன். 19.4 மில்லி செகண்டை 2 × 0.968-ஆல் வகுத்தால் செங்குத்து நேரம் 10, அதை 400-ஆல் பெருக்கினால் 4 மீட்டர். நாம் வைத்ததே திரும்பக் கிடைத்தது.

எங்கே சறுக்கும்

முதலில், சாய்ந்த எல்லை. எல்லை வெறும் 5 டிகிரி சாய்ந்திருந்தாலும் என்ன ஆகிறது பாருங்கள். அதே 400, 1600 அடுக்குகள்தான். சரிவு இறங்கும் பக்கமாக ஜியோபோன் வைத்தால் வேகம் 1200 என்று காட்டும், ஏறும் பக்கமாக வைத்தால் 2430 என்று காட்டும். ஒரே மண், ஒரு பக்கம் களி மாதிரி, மறுபக்கம் பாறை மாதிரி. அதனால் வரிசையின் இரண்டு முனையிலிருந்தும் அடித்தே ஆக வேண்டும். இரண்டு வேகங்களுக்குமான கோணங்களை (400 ÷ 1200, 400 ÷ 2430 இவற்றின் தலைகீழ் சைன்) எடுத்துச் சராசரி பார்த்தால் உண்மையான மாறுநிலைக் கோணம், வித்தியாசத்தில் பாதி எடுத்தால் சாய்வு.

எல்லைகள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாதபோது கதிர் எண் மாறாது என்பதும் போய்விடும். அப்போது ஃபெர்மாவிடமே திரும்பிப் போக வேண்டும். ஒவ்வோர் எல்லையிலும் ஒரு புள்ளி வைத்து, அவற்றைக் கோட்டால் இணைத்து, மொத்த நேரம் குறைகிற பக்கமாக ஒவ்வொரு புள்ளியையும் மாறி மாறி நகர்த்திக்கொண்டே போவது. இதில் ஆறுதலான விஷயம் ஒன்று உண்டு. விடைக்குப் பக்கத்தில் நேரம் மிக மெதுவாகவே மாறும். நம் உதாரணத்தில் முதல் எல்லையில் கதிர் கடக்கும் புள்ளியை அரை மீட்டர் தள்ளி வைத்தாலும் நேரம் 0.08 மில்லி செகண்ட்தான் கூடும். அதாவது நேரம் வேண்டுமென்றால் பாதை சுமாராகத் தெரிந்தாலே போதும். ஆனால் நேரத்தை வைத்துக்கொண்டு பாதையை அடித்துச் சொல்ல முடியாது. நிலம் இன்னும் சிக்கலாக இருந்தால் கட்டம் கட்டமாகப் பிரித்து, 1959-இல் டைக்ஸ்ட்ரா கொடுத்த குறும்பாதை முறையைக் கணினியில் ஓட விடலாம். கூகுள் மேப்பில் கிண்டியிலிருந்து தாம்பரத்துக்கு வழி தேடுவது போன்ற வேலைதான்.

அடுத்தது, வேகமான அடுக்குக்கு அடியில் மெதுவான அடுக்கு. மெதுவான அடுக்குக்குள் நுழையும் கதிர் செங்குத்துப் பக்கமாக மடங்கும், 90 டிகிரியை எட்டவே எட்டாது. தலை அலை பிறக்காது. தரையில் வைத்த ஜியோபோனுக்கு அப்படி ஓர் அடுக்கு இருப்பதே தெரியாது. ஆழ்துளைக் கணக்கில் இந்தச் சிக்கல் இல்லை, ச-வின் கணக்கு எந்த வரிசைக்கும் பொருந்தும்.

இதில் நானே ஒரு தடவை தவறினேன். பல்லாவரம் பக்கம் ஒரு மனை. அங்கே பாறை மேலோட்டமாகவே இருக்கும். சார்னோகைட் என்ற பாறையினத்துக்கே பல்லாவரம்தான் மூல இடம். தாமஸ் ஹாலண்ட், கல்கத்தாவில் ஜோப் சார்னாக்கின் கல்லறைக் கல்லில் இருந்த அதே வகைப் பாறை என்பதால் அந்தப் பெயரை வைத்தார். அந்த நினைப்போடு போனேன். முதல் அடியிலேயே விநாடிக்கு 3500 மீட்டருக்கு மேல் வேகம், ஆழம் அரை மீட்டருக்கும் கொஞ்சம் கூட. பாறைதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். துளை போட வந்தவர்கள் அரை நாளில் கூப்பிட்டார்கள். ஓடிப் போய்ப் பார்த்தால் துளையிலிருந்து சாம்பல் நிறச் சிமென்ட் தூளும் ஜல்லித் துண்டுகளும் வந்து குவிந்திருந்தன, அதன் மேல் ஈரக் களிமண் உருண்டைகள். பழைய கட்டடத்தின் கான்கிரீட் தளம் மண்ணுக்குள் புதைந்து கிடந்திருக்கிறது. அதன் மேலேயே அலை உரசிக்கொண்டு ஓடி வந்திருக்கிறது. அடியில் பல மீட்டருக்குக் களி. அறிக்கையைத் திருத்தி எழுதியது போகட்டும், நம்பிக் கூப்பிட்டவர்கள் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. பதிவில் ஓர் அறிகுறி இருந்தது, நான் கவனிக்கவில்லை: மெல்லிய தளம் வழியே வரும் அலை சில ஜியோபோன் தாண்டியதும் வலுவிழந்து மங்கிப்போகும். கெட்டிப் பாறை வழியே வருவது அவ்வளவு சீக்கிரம் மங்காது. அன்றிலிருந்து மனைக்காரரிடம் முதலில் கேட்பது, இங்கே முன்னால் என்ன கட்டடம் இருந்தது என்பதே. அக்கம்பக்கத்தில் போர் போட்டவர்களிடமும் கேளுங்கள். எத்தனை அடியில் களி, எத்தனை அடியில் பாறை தட்டியது என்று அவர்களுக்கு நினைவிருக்கும்.

அடுக்கே இல்லாமல் வேகம் மெல்ல மெல்ல மாறினால்

வேகம் ஆழத்தோடு படிப்படியாகக் கூடுகிற நிலத்தைத் துண்டு துண்டாக, அரை மீட்டர் அடுக்குகளாக வெட்டிக்கொள்ளுங்கள். கதிர் எண் அப்போதும் மாறாது. கோணம் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் படுத்துக்கொண்டே போய், கதிர் எண் × வேகம் = 1 ஆகும் ஆழத்தில் கிடையாகி, அங்கிருந்து திரும்பி மேலே ஏறும். வேகம் ஒரே சீராகக் கூடினால் அந்தப் பாதை சரியான வட்டத்தின் ஒரு வில்லாக இருக்கும். நிரல் எழுதியதும் அதைச் சோதிக்க இதைவிட நல்ல கேள்வித்தாள் கிடையாது.

இதே கணக்கைக் கடலலைக்கும் போடலாம். அலைநீளத்தோடு ஒப்பிட ஆழம் மிகக் குறைவாக இருக்கும் கரையோரத்தில், அலையின் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 4 மீட்டர் ஆழத்தில் விநாடிக்கு சுமார் 6.3 மீட்டர், 1 மீட்டர் ஆழத்தில் 3.1. வேகம் பாதியானால் சைனும் பாதியாகும். தெற்கிலிருந்து 30 டிகிரி சாய்வில் 4 மீட்டர் ஆழத்துக்கு வந்த அலை, 1 மீட்டர் ஆழத்தில் 14.5 டிகிரிக்கு நிமிர்ந்துவிடும். அதனால்தான் கடலுக்குள் எந்தத் திசையிலிருந்து கிளம்பினாலும் கரைக்கு வரும்போது அலைகள் ஏறக்குறைய கரைக்கு இணையாக வந்து விழுகின்றன.

ஆனால் முழுவதும் நிமிர்வதில்லை. மிச்சமிருக்கும் அந்தச் சாய்வு மணலை வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கிறது. 1870களின் பிற்பாதியில் துறைமுகச் சுவர்கள் எழும்பத் தொடங்கியபிறகு அந்த மணல் சுவரின் தெற்கே தேங்கியது, வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரிபட்டது. மதியம் இரண்டு மணிக்குச் செருப்பில்லாமல் நாம் கடந்த அந்த அகலமான காய்ந்த மணல், அப்படித் தேங்கிச் சேர்ந்த மணல்.